தென்னை ஏறும் கருவிக்குக் காப்புரிமை: கண்காட்சிக்கு முன்பா, பின்பா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறீர்கள். தென்னை மேலே போகப் போக மெலியும். ஏறும் கருவியின் கம்பி வளையம் தளரும். ஏறுகிறவர் பாதி உயரத்தில் நின்று அதைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நீங்கள் ஸ்பிரிங் வைத்த கேம் (திரும்பும்போது அழுத்திக் கவ்வும் இயந்திர உறுப்பு) ஒன்றைப் பொருத்தி, காலைத் தூக்கும்போது வளையம் தானாகச் சுருங்கவும், மிதிக்கும்போது கேம் கம்பியைக் கவ்விக்கொள்ளவும் செய்திருக்கிறீர்கள். அடுத்த மாதம் கோவை வேளாண் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருக்கிறீர்கள். அங்கே வைத்து வரவேற்பைப் பார்த்துவிட்டுப் பேட்டன்ட் போடலாமா என்று கேட்கிறீர்கள். வரைபடத்தை உறையில் போட்டு உங்கள் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் வைத்திருந்தால் போதும் என்று நண்பர் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் பதிவுத் தபால் உங்களுக்கு எந்த உரிமையையும் தராது. இந்தியாவில் இரண்டு பேர் ஒரே பொருளைத் தனித்தனியாகக் கண்டுபிடித்தால், காப்புரிமை அலுவலகத்தில் யாருடைய விண்ணப்பத் தேதி முந்தியதோ அவருக்குத்தான் உரிமை. நோட்டரி முத்திரையும் உறை மேலுள்ள தபால் முத்திரையும் அந்தத் தேதிக்கு ஈடாகாது.

கண்காட்சி ஏன் ஆபத்து என்றால், விண்ணப்பத் தேதிக்கு முன்னால் பொருள் வெளியுலகத்துக்குத் தெரிந்துவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் புதியதல்ல. தெரியப்படுத்தியவர் நீங்களே என்றாலும் அதே கதிதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு கண்காட்சிகளுக்கு 12 மாதச் சலுகை தருகிறது. ஆனால் மத்திய அரசு அரசிதழில் அதற்கென்று அறிவித்த கண்காட்சிகளுக்குத்தான் அது பொருந்தும். ஸ்டால் ரசீது கையில் இருப்பதால் மட்டும் அந்தச் சலுகை வந்துவிடாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு விவசாயி வந்தார். களையெடுக்கும் கருவி ஒன்று செய்திருந்தார். உண்மையிலேயே அருமையான வேலை. விண்ணப்பம் போட்டோம். காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் முதல் அறிக்கை வந்தபோது, அதில் காட்டியிருந்த முதல் ஆதாரமே அவர் மகன் யூடியூபில் போட்ட வீடியோதான். விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் முந்தைய தேதி. கருவி எப்படி இயங்குகிறது என்பதை அந்தப் பையன் நிதானமாக, அழகாக விளக்கியிருந்தான். பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அந்த மனிதரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்கள் மைத்துனர் மகனும் ஒரு வீடியோ எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அவன் போனிலேயே இருக்கிறதா, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் போனதா, பொதுவெளியில் ஏறிவிட்டதா என்று இன்றைக்கே கேளுங்கள். ஏறியிருந்தால் உடனே எடுத்துவிடச் சொல்லுங்கள், ஏறிய தேதியைக் குறித்து வையுங்கள், விண்ணப்பம் எழுதப்போகிறவரிடம் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள். கேம் வெளியே தெரியாமல் தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் தப்பிக்க வழியுண்டு.

தோப்பில் ஏறிப் பார்த்த சோதனைகளைப் பற்றியும் கவலைப்பட்டிருந்தீர்கள். பொதுவெளியில் செய்தே ஆக வேண்டிய நியாயமான சோதனை ஓட்டத்துக்கு 32ஆவது பிரிவு ஒரு வருட இடம் கொடுக்கிறது. தென்னை மரத்தை வீட்டுக்குள் வைத்து ஏறிப் பார்க்க முடியாது, ஆகவே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி இழுத்துக்கொண்டே போக வேண்டாம். இனி ஏறிப் பார்க்கிறவர்களிடம் ‘இதை வெளியே சொல்ல மாட்டேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு மாதத்தில் முழு விண்ணப்பம் எழுதிவிட முடியுமா என்று மலைக்க வேண்டாம். அதற்குத்தான் புரொவிஷனல் என்ற தற்காலிக விண்ணப்பம் இருக்கிறது. பொருள் என்ன, எப்படி இயங்குகிறது என்று படத்தோடு எழுதிக் கொடுத்தால் அன்றைய தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரணையைக் கொடுக்க வேண்டும். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய், கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்தில் தாளாகக் கொடுத்தால் 1,750. அந்த ஒரு வருடத்தில் கண்காட்சியில் வைக்கலாம், விற்கலாம், கருவியை மேம்படுத்தலாம். 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்காமல் விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்; அதில் எழுதியது வெளியிடப்படாது.

ஆனால் புரொவிஷனல் என்பதால் ஒரு பக்கத்தில் கிறுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் எழுதாத விஷயத்துக்கு அந்தத் தேதி பொருந்தாது. கேம் பற்றி எழுதிவிட்டு, ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கிறது என்பதை விட்டுவிட்டால், ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை நீங்கள் கண்காட்சிக்கு முன் விண்ணப்பிக்காதவர்தான். இன்னொரு சிக்கல், விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கொடுக்க வேண்டும், தமிழில் ஏற்கமாட்டார்கள். எனக்கு இதில் நெடுநாள் வருத்தம். பட்டறையில் பிறந்த யோசனை ஆங்கிலத்துக்குப் போகும் வழியில்தான் பாதி தொலைகிறது. அதனால் முதலில் தமிழில், உங்கள் பட்டறைப் பேச்சிலேயே, ஒரு தொழிலாளிக்கு விளக்குவதுபோல எல்லாவற்றையும் எழுதுங்கள். ‘கேம்’ என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், அதன் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மிதிதட்டு எத்தனை டிகிரி சாய்ந்ததும் கவ்வுகிறது, மழையில் கம்பி வழுக்கினால் என்ன ஆகிறது, வேறு எந்த வகையில் செய்து பார்த்துத் தோற்றீர்கள் என்பது வரைக்கும் எழுதுங்கள். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு.

இதற்கு முன் செய்ய வேண்டியது, இதே போன்ற கருவிக்கு யாராவது ஏற்கெனவே காப்புரிமை வாங்கியிருக்கிறார்களா என்ற தேடல். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் இன்பாஸ் என்ற தேடுபொறி இலவசம். கூகுள் பேட்டன்ட்ஸும் ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாசெநெட்டும்கூட இலவசம்தான். தென்னை ஏறும் கருவி என்றதும் கண்ணூர் மாவட்டம் செம்பேரி ஜோசப்பின் மாடல் உங்களுக்கு நினைவு வரும். அதைத் தாண்டியும் பார்க்க வேண்டும். தென்னை என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி கண்ணில் படாது. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் ஏறி உட்காரும் ‘ட்ரீ ஸ்டாண்ட்’ கருவிகளுக்கு நிறையப் பேட்டன்ட் இருக்கிறது. மின்கம்பம் ஏறும் சாதனங்கள் தனி. உலக வகைப்பாட்டில் கம்பமும் மரமும் ஏறும் கருவிகள் ‘ஏ63பி 27’ என்ற எண்ணில், உடற்பயிற்சிக் கருவிகளோடு சேர்ந்து கிடக்கின்றன! விவசாயக் கருவி என்று நினைத்துத் தேடுகிறவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார். அந்த எண்ணைப் போட்டு இரண்டு இரவு உட்கார்ந்து படங்களை மட்டும் பாருங்கள். உங்கள் கண்ணுக்கு இயந்திரம் பழக்கம். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் எது உங்களுடையதைப் போல் இருக்கிறது என்று படத்திலேயே பிடித்துவிடுவீர்கள்.

இனி முழு விண்ணப்பத்தின் உயிரான பகுதிக்கு வருகிறேன். கடைசியில் ‘கிளெய்ம்’ என்று எண் போட்டு வரிசையாக வாக்கியங்கள் வரும். காப்புரிமை என்பது அந்த வாக்கியங்கள்தான். உங்கள் கருவி அல்ல. நிலப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தப்பாக எழுதிவிட்டால் தோப்பு உங்களுடையதாக இருந்தும் வழக்கில் தோற்பீர்கள்.

உங்கள் கருவியையே எடுத்துக்கொள்வோம். பழக்கமில்லாதவர் இப்படி எழுதுவார்: ‘4 மி.மீ. எஃகுக் கம்பி, 60 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புக் கேம், இரண்டு இழுவை ஸ்பிரிங் ஆகியவை கொண்ட தென்னை மரம் ஏறும் கருவி.’ எல்லாம் உண்மை, அளவும் சரி. ஆனால் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் 5 மி.மீ. கம்பியும் ஒற்றை ஸ்பிரிங்கும் போட்டுச் செய்துவிட்டால் அவர் உங்கள் எல்லைக்கு வெளியே நிற்கிறார் என்று வாதாடுவார். பனைமரம் ஏற என்று விற்றால் ‘தென்னை’ என்ற ஒரு சொல்லை வைத்தே தப்பிக்கப் பார்ப்பார்.

தெரிந்தவர் வேறு மாதிரி எழுதுவார்: ‘மரத்தைச் சுற்றி வரும் நெகிழ்வான பிணைப்பு ஒன்றும், ஏறுபவர் மிதிக்கும் தட்டு ஒன்றும், தட்டின் மேல் எடை இல்லாதபோது பிணைப்பின் சுற்றளவைக் குறைக்கும் உறுப்பு ஒன்றும், எடை விழும்போது பிணைப்பை நகரவிடாமல் கவ்வும் உறுப்பு ஒன்றும் கொண்ட ஏறுகருவி.’ இதில் அளவு இல்லை, உலோகத்தின் பெயர் இல்லை, மரத்தின் பெயரும் இல்லை. உங்கள் யோசனையின் சாறு மட்டும் இருக்கிறது. இது முதல் கிளெய்ம். இரண்டாவதில் ‘முதலாவதில் சொன்ன கருவியில், அந்தப் பிணைப்பு எஃகுக் கம்பி’ என்று இறங்குவார். மூன்றாவதில் கேம், நான்காவதில் ஸ்பிரிங். அகலமான முதல் வேலியை யாராவது பழைய ஆவணம் காட்டி உடைத்தாலும், உள்ளே இரண்டாவது, மூன்றாவது வேலி நிற்கும். ரொம்ப அகலமாகப் போட்டாலும் ஆபத்து. எங்கோ ஒரு பழைய வேட்டைக் கருவி அந்த வாக்கியத்துக்குள் விழுந்துவிடும். அதனால்தான் தேடல் முதலில், கிளெய்ம் அப்புறம்.

நீங்கள் பட்டறைக்காரர் என்பதால் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பித்தளைப் பாத்திரம் செய்யும் நிறுவனம் ஒன்று, பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கும் மெருகேற்றுவதற்கும் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. பாத்திரம் கழன்று பறக்காமல் இருக்க, லேத்தின் எதிர்ப்பக்கத் தாங்கியான டெயில்ஸ்டாக்கிலிருந்து கூர்முனை ஒன்று அழுத்திப் பிடிக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: இது கைதேர்ந்த தொழிலாளி தன் பட்டறையில் செய்துகொள்ளும் சாதாரண மேம்பாடு, கண்டுபிடிப்பு அல்ல. காப்புரிமை போயிற்று. காப்புரிமை கொடுத்துவிட்டதாலேயே அது செல்லும் என்று உறுதியாகிவிடாது என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

உங்களுக்கும் இதே கேள்வி வரும். கேம் பழையது, ஸ்பிரிங் பழையது, ஏறும் கருவியும் பழையது. பாய்மரப் படகில் கயிற்றைக் கவ்வும் கேம் எப்போதோ வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்ததில் என்ன கண்டுபிடிப்பு என்று பரிசோதகர் கேட்பார். தெரிந்த பொருள்களைத் தனித்தனியாக இயங்கும்படி அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்று சட்டத்தின் 3ஆவது பிரிவே சொல்கிறது. உங்கள் பதில் இப்படி இருக்க வேண்டும்: இங்கே உறுப்புகள் தனித்தனியாக இயங்கவில்லை, ஏறுபவரின் எடையே ஒன்றைத் திறந்து இன்னொன்றை மூடுகிறது, மெலியும் மரத்தில் கை வைக்காமல் ஏற முடிகிறது, இதற்கு முன் யாரும் அதைச் செய்யவில்லை. இதைக் காட்ட அளவுகள் வேண்டும். பழைய கருவியில் நடுவில் எத்தனை முறை நிறுத்திச் சரிசெய்கிறார், உங்களுடையதில் எத்தனை முறை, ஏற எத்தனை நிமிடம் என்று பத்து மரத்தில் ஏறவைத்துக் குறித்து, அதையும் விவரணையில் சேருங்கள். பிற்பாடு இரண்டு வருடம் கழித்து எழுதப்போகும் பதிலின் பலம் முழுவதும் இன்றைக்கு எழுதும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், ஏனென்றால் விண்ணப்பித்த பிறகு புது விஷயத்தை உள்ளே நுழைக்க முடியாது.

அதற்குப் பிறகு வரும் நடைமுறையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் 18 மாதத்தில் காப்புரிமை இதழில் வெளியாகும். பரிசோதனை வேண்டும் என்று நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் விண்ணப்பம் அப்படியே செத்துப்போகும். 2024 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் கெடு 31 மாதம், தனிநபர் கட்டணம் 4,000 ரூபாய். பரிசோதகரின் முதல் அறிக்கைக்கு ஆறு மாதத்தில் பதில். இதழில் வெளியான பிறகு, காப்புரிமை கிடைக்கும் வரை, யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். விண்ணப்பதாரர்களில் ஒருவர் பெண்ணாக இருந்தால் விரைவுப் பரிசோதனைக்குக் கேட்கலாம், கட்டணம் 8,000. பட்டறையில் உங்கள் மனைவியும் உண்மையிலேயே பங்காளி என்றால் அவரையும் விண்ணப்பதாரராகச் சேர்ப்பதை யோசியுங்கள். காப்புரிமை 20 வருடம், விண்ணப்பத் தேதியிலிருந்து கணக்கு. மூன்றாம் ஆண்டிலிருந்து வருடாந்தரக் கட்டணம் உண்டு: ஆறாம் ஆண்டு வரை 800, பத்து வரை 2,400, பதினைந்து வரை 4,800, இருபது வரை 8,000. 20 வருடமும் வைத்திருந்தால் மொத்தம் 76,800 ரூபாய். இதையெல்லாம் எழுதித் தரும் ஏஜென்ட்டின் கட்டணம் தனி, ஆளுக்கு ஆள் மாறும்.

காப்புரிமை வாங்கிவிட்டால் நகல் செய்கிறவனை அரசாங்கம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிடிக்காது. நீங்கள்தான் கண்டுபிடித்து, நீங்கள்தான் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். எதிராளி ‘உங்கள் காப்புரிமையே செல்லாது’ என்று எதிர்மனு போட்டால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே எவ்வளவு இழுக்கும் என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஒரு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் காப்புரிமையில் சிலிண்டர் விட்டம் 45 முதல் 70 மி.மீ. என்று கிளெய்மிலேயே இருந்தது. 2007இல் டி.வி.எஸ். தன் ஃபிளேம் பைக்கைக் கொண்டுவந்தது, இரண்டு பிளக், மூன்று வால்வு. 2008 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை கொடுத்தார். 2009 மே மாதம் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வான டிவிஷன் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. அதே வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம், வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்றது. கடைசியில் 2019இல் இரண்டு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே 12 வருடம் ஆனது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உங்களைப் போன்றவருக்குக் காப்புரிமையின் முதல் பயன் வழக்கு அல்ல என்பதே என் அனுபவம். கருவியை நூற்றுக்கணக்கில் செய்யக்கூடிய ஒரு தொழிற்சாலைக்காரரிடம் உரிமம் பேசும்போது, கையில் விண்ணப்ப எண் இருந்தால் நீங்கள் உட்காரும் நாற்காலியே வேறு. அதோடு மிதிதட்டின் வடிவம் தனித்தோற்றம் உடையது என்றால் வடிவமைப்புப் பதிவும் செய்துவிடுங்கள். அது 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5. அதையும் கண்காட்சிக்கு முன்பே செய்ய வேண்டும். கருவிக்கு ஒரு நல்ல பெயர் வைத்து டிரேட்மார்க்காகப் பதியுங்கள். நகல் கருவி எத்தனை வந்தாலும், உங்கள் பெயரைக் கேட்டு வாங்குகிறவர் இருப்பார்.

கேரளத்தில் விற்பது இதிலேயே அடங்கும். இலங்கைக்கு அனுப்ப நினைத்தால் அங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்திய விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் போட்டால் இதே தேதியை அங்கேயும் கோரலாம். இந்தியாவில் போட்டு ஆறு வாரம் கழிந்த பிறகோ, அல்லது காப்புரிமை அலுவலகத்தின் அனுமதி வாங்கியோதான் வெளிநாட்டில் போடலாம்.

பணம் தடையாக இருந்தால் குஜராத்தின் காந்திநகரிலுள்ள தேசியப் புத்தாக்க நிறுவனத்துக்கு எழுதுங்கள். படிப்பறிவை வைத்து எடைபோடாமல் கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களுக்குக் காப்புரிமை வாங்க உதவுகிற இடம் அது. சென்னையில் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையமும் இருக்கிறது. ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் காப்புரிமை ஏஜென்ட் தேர்வில் தேறிப் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். இயந்திரம் தெரிந்தவராக இருப்பது இன்னும் நல்லது. பட்டறைக்கு வந்து கருவியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கிளெய்ம் எழுதுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ‘காலைத் தூக்கும்போதே இறுகினால் நல்லா இருக்கும்ங்க’ என்று சொன்னது உங்கள் தோப்பில் மரம் ஏறுகிற அண்ணன்தான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். வெல்டிங் வைத்துக் கொடுத்தவர் கண்டுபிடிப்பாளர் ஆகமாட்டார். ஆனால் உங்கள் முதல் கிளெய்மின் மையமே இந்த யோசனைதான். நான் புரிந்துகொண்ட வரையில், முதல் படிவத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரோடு அவர் பெயரும் வர வேண்டும். அவருடைய பங்கை மறைத்து வாங்கிய காப்புரிமையை அதே காரணம் காட்டிப் பின்னால் ரத்து செய்யக் கேட்கலாம். உரிமை முழுவதும் உங்கள் பட்டறைக்கு வேண்டும் என்றால் அவருக்கு விளங்கும்படி தமிழில் ஓர் ஒப்பந்தம் எழுதி, இவ்வளவு தொகை அல்லது விற்கும் கருவி ஒன்றுக்கு இவ்வளவு என்று முடிவு செய்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கிண்டிக்கு விண்ணப்பம் போவதற்கு முன் இது முடிந்திருக்கட்டும்.